பழைய மோட்டார்ச் சைக்கிளின் கிறீச்சொலி



பழைய மோட்டார்ச் சைக்கிள் கிறீச்சிடத் தொடங்கியதும் எண்ணெய்க் குப்பியைத் தேடுவது நம்மிற் பலரது வழக்கம். ஒலி எழும் இடத்தை அறியாது எண்ணெய் விடுதல், நோயை அறியாது மருந்து கொடுத்தல் போன்றதாகும். அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

முதலில், எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். சில்லு சுற்றுந்தோறும் ஒலி எழுமாயின், பிறேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒலி மாறினால் குறை பிறேக்கில் இருக்கக்கூடும். மாறாவிடில் சில்லின் பெயரிங்கையும் வேகமானியின் கேபிளையும் சோதியுங்கள். வறண்ட சங்கிலியும் கிறீச்சிடும். அதற்கு எண்ணெயே மருந்து.

அடுத்து, வண்டியை நிறுத்தி இருக்கையை அழுத்துங்கள். அப்போது ஒலி எழுமாயின், பின் சில்லைத் தாங்கி அசையும் கவையின் புஷ் வறண்டிருக்கலாம். உலோக புஷ்ஷாயின் கிறீஸ் இடலாம். தேய்ந்த இறப்பர் புஷ்ஷாயின் மாற்றுவதே முறை.

பிறேக் பிடிக்கையில் மட்டும் ஒலி எழுமாயின், டிரம்மைத் திறந்து தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வாயால் ஊதவே வேண்டாம். பழைய பிறேக் சூக்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூசி நுரையீரலைக் கெடுப்பது. மினுமினுப்பேறிய சூவை நீர்த்தாளால், நனைத்தபடியே, இலேசாகத் தேய்க்கலாம்.

அங்கே ஒரு துளி எண்ணெயும் படலாகாது. எண்ணெய் ஊறினால் கிறீச்சொலி அடங்கும். கூடவே பிறேக்கும் அடங்கிவிடும். ஊறிய சூவை மாற்றாமல் வீதியில் இறங்காதீர்கள்.