மறுக்கப்பட்ட கடனட்டை

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வந்தால் கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். யானோ, சென்ற ஆண்டிலே வங்கியொன்று எனக்குக் கடனட்டை தர மறுத்த செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். சொல்வதற்குச் சிறிது கூச்சமாகவே இருக்கின்றது. ஆயினும், இத்தகைய கடிதமொன்றை மேசை இழுப்பறையில் மறைத்து வைத்திருப்பவர் வேறு பலரும் இருத்தல் கூடும் என்பதனாலேயே இதனைப் பேசத் துணிந்தேன்.

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரிலே பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 69.8 சதவீதத்தைத் தொட்டது. சம்பளமோ இருந்த இடத்திலேயே இருந்தது. அந்நாளில் என்னிடம் ஒரு கடனட்டை இருந்தது. அரிசியும் மருந்தும் அதிலேயே வாங்கினேன். முதலில் ஆகக் குறைந்த தொகையை மட்டும் செலுத்தினேன். பின்னர் மூன்று மாதங்கள் அதனையும் செலுத்தவில்லை. வங்கி அட்டையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் செலுத்தி, கடன் தீர்ந்ததெனக் கடிதமும் பெற்றுக்கொண்டேன்.

அத்துடன் எல்லாம் முடிந்ததென்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு என் மகளின் தொழில்சார் பரீட்சைக் கட்டணத்தை வெளிநாட்டுப் பணத்தில் இணையத்தினூடாகச் செலுத்த வேண்டி வந்தது. கையிலிருந்த பணமோ போதவில்லை. ஆதலின் வேறொரு வங்கியில் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரங்களின் பின் இரண்டு வரியில் பதில் வந்தது. காரணம் யாதும் அதிற் குறிக்கப்படவில்லை. இறுதியில் என் மைத்துனரின் அட்டையை இரவல் கேட்க நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு அது எத்தகைய அனுபவமென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோபத்திலே மூன்றாவது வங்கியொன்றின் படிவத்தை நிரப்பிக்கொண்டு சென்றேன். அங்கே கரும பீடத்தில் இருந்தவர் என் பழைய மாணவி. படிவத்தைப் பார்த்தவர், "சேர், இதனை இன்றைக்குத் தராதீர்கள். நாங்களும் விசாரிப்போம், அந்த விசாரணையும் உங்கள் பெயரிலே பதியப்படும். முதலில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்" என்றார். வகுப்பிலே அவருக்கு நான் கற்பித்தது வரலாறு. அன்று அவர் எனக்குக் கற்பித்தது அதனினும் பயனுடையது.

அவர் குறிப்பிட்ட அறிக்கையைத் தருவது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'கிறிப்' என்று வழங்குகிறோம். "அவனுடைய பெயர் கிறிப்பில் விழுந்துவிட்டது" என்று, ஏதோ குற்றவாளிப் பட்டியலில் விழுந்தாற்போலப் பேசுவோர் உளர். அது தவறு. கடனை ஒழுங்காகச் செலுத்துபவரின் பெயரும் அங்கே உண்டு. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களைப் பணியகம் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கியே. நம்முடைய அறிக்கையை நாமே கேட்டுப் பெறலாம். பிழையிருப்பின் முறையிடவும் வழியுண்டு. ஆனால் விபரத்தை அனுப்பிய நிறுவனம் அதனை ஏற்றுத் திருத்தினாலன்றிப் பணியகம் தானாக எதனையும் அழிக்காது. ஆதலாற்றான், கடன் தீர்த்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

என் அறிக்கை வந்தது. பழைய அட்டை தீர்க்கப்பட்டதாகச் சரியாகவே பதியப்பட்டிருந்தது. அதன் கீழே, நான் எதிர்பாராத வேறொரு பதிவு இருந்தது. 2021ஆம் ஆண்டில், என் பாடசாலையில் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவர் வீடு திருத்தக் கடன் எடுத்தபோது நான் பிணை நின்றேன். அக்கடனில் ஐந்து தவணைகள் நிலுவையாக இருந்தன. கடன் அவருடையது, பதிவோ என் பெயரிலும் இருந்தது.

பிணை நிற்பதென்பது நம் நாட்டு அலுவலகங்களிலே தேநீர் பகிர்வது போன்ற வழக்கமாகிவிட்டது. ஒருவர் படிவத்தை நீட்டுவார். மற்றவர் வாசியாமலே கையொப்பமிடுவார். மறுத்தால் மனிதத் தன்மை அற்றவரென்ற பெயர். நானும் அவ்வாறே கையொப்பமிட்டேன். அதன்பின் ஒரு நாளேனும் அக்கடனைப் பற்றி விசாரிக்கவில்லை. இப்பொழுது என் எண்ணம் யாதெனில், பிணை நிற்பவர் கடனின் நிலையை ஆறு மாதத்துக்கொரு முறையாவது கேட்டறிதல் வேண்டும். அது சந்தேகமன்று.

அவர் வேறொரு வலயத்துக்கு மாற்றலாகியிருந்தார். பேருந்தேறிச் சென்று கண்டேன். அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நெடுநேரம் நிலத்தையே பார்த்திருந்தார்.

"சேர், உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார்.

வழி முழுவதும் ஒத்திகை பார்த்து வந்த சொற்களெல்லாம் எனக்கு மறந்துபோயின. 2022இல் மூன்று மாதங்களாக என் நிலுவையை மனைவிக்குக்கூடச் சொல்லாதிருந்தவன் நான். அவ்வாண்டு ஏப்ரலில் நம் நாடே வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2024 டிசெம்பரில் 'பிட்ச்', 'மூடீஸ்' ஆகிய நிறுவனங்கள் நாட்டின் தரத்தைச் சற்றே உயர்த்தியபோது அதனையும் செய்தியாகக் கேட்டோம். நாட்டின் கடனைச் சந்தியிலே நின்று பேசும் நாம், வீட்டின் கடனை மாத்திரம் பெட்டிக்குள்ளே பூட்டி வைக்கிறோம்.

"தம்பி, நாளைக்கு விடுப்பு எடும், இருவருமாக வங்கிக்குப் போவோம்" என்றேன்.

முகாமையாளர் கடுமையாக இருப்பாரென்று அஞ்சினோம். அவரோ, கடன்காரர் தாமாகவே வந்ததைக் கண்டு வியந்தார். தவணைகள் சிறிதாக்கப்பட்டுக் காலம் நீட்டப்பட்டது. நான் மீண்டும் கையொப்பமிட்டேன். இம்முறை எல்லாப் பக்கங்களையும் வாசித்தே இட்டேன். இதனைக் கேட்ட என் மனைவி கூறியவற்றை வானொலியிலே சொல்லுதல் முறையன்று.

எனக்கும் ஒரு வழி பிறந்தது. நிலையான வைப்பை ஈடாகக் கொண்டு கடனட்டை தரும் வங்கிகள் உள்ளன. வைப்பிலுள்ள தொகையை நாம் தொட முடியாது. அதனிலும் குறைந்த எல்லைக்குள் அட்டையைப் பயன்படுத்தலாம். வங்கிக்கு நட்டமில்லையாதலின் பழைய பதிவைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை. என் சிறு சேமிப்பை அவ்வாறு வைப்பிலிட்டேன். தொலைபேசிக் கட்டணத்தையும் புத்தகங்களையும் தவிர வேறெதற்கும் அவ்வட்டையை எடுப்பதில்லை. உரிய நாளுக்கு முன் முழுத் தொகையையும் செலுத்திவிடுவேன். மாதந்தோறும் ஒழுங்கான ஒரு பதிவு சேர்கின்றது. மகளின் அடுத்த பரீட்சைக் கட்டணத்தை அதிலேயே செலுத்தினேன். மைத்துனர் வீட்டுக்குப் போகவில்லை.

ஆசிரியருக்கு இன்னும் பதினொரு தவணைகள் உள்ளன. சம்பள நாளுக்கு மறுநாள், பற்றுச்சீட்டைப் படம்பிடித்து என் தொலைபேசிக்கு அனுப்புவார். சென்ற மாதம் அது இரண்டு நாள் பிந்தியே வந்தது. அந்த இரண்டு நாளும் நான் தொலைபேசியைக் கையிலெடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன் படம் வந்து சேர்ந்தது. மகனுக்குக் காய்ச்சலென்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.