வளவில் நிற்கும் இப்பிலிப்பில்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு வளவு வைத்திருப்போர் பலருக்கும் அண்மைக் காலமாக உள்ள ஒரு சந்தேகத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வேலியோரத்திலும் கோடிப்புறத்திலும் யாரும் நடாமலே முளைத்து, இரண்டு மாரிக்குள் கூரையை எட்டிப் பார்க்கும் இப்பிலிப்பில் மரத்தை வைத்துக்கொள்வதா, வேரோடு அகற்றிவிடுவதா என்பதே அச்சந்தேகம். தமிழகத்தார் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் அழைப்பது இம்மரத்தையே.

மெக்சிக்கோ தேசத்து யுக்கத்தான் குடாநாடு இதன் தாயகமாகச் சொல்லப்படும் பிரதேசங்களுள் முக்கியமானது. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண், கல்லின் அடியில் நன்னீர், நிலத்தின் மேல் ஆறு என்று சொல்ல ஏதுமில்லாத நிலை என்று, அப்பிரதேசத்தின் பூமியமைப்பு நமது குடாநாட்டைப் பெரிதும் ஒத்தது. ஸ்பானியர் தம் கப்பல்களில் இம்மரத்தைப் பசிபிக் சமுத்திரம் கடத்திப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் சேர்த்தனர். அங்கிருந்தே இப்பெயரும் வந்தது. புளிப்பு மண்ணில் தேம்பி நிற்கும் சுபாவமுள்ள இந்த விருட்சம், நமது சுண்ணாம்பு பூமியைக் கண்டதும் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோலத் தழைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அதன் உபகாரத்தை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. அவரையினத்தைச் சேர்ந்த மரமாதலால், வேரிலுள்ள நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலிருக்கும் நைதரசனைத் தன்வசமாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு; ஆகையால் அதன் குழையைத் தோட்டத்தில் தாழ்த்தால் மண் வளம்பெறும். அளவுக்கு மிஞ்சிய செயற்கை உரத்தினால் நமது கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருக்கும் இக்காலத்தில் இது சிறிய காரியம் அன்று. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அருமையாகி, அடுப்பெரிக்கவே சனங்கள் அல்லலுற்ற வருஷங்களில், வெட்ட வெட்டத் தளிர்த்து விறகு தந்த மரங்களுள் இதுவும் ஒன்று என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் 1977இல் இதன் பெருமைக்கென்றே ஒரு நூலை வெளியிட்டு, வெப்பவலய நாடுகளின் தீவனத்துக்கும் விறகுக்கும் இது நல்லதொரு வழி என்று எடுத்துரைத்தது.

ஆடு வளர்ப்போர் கொக்கத்தடியால் இழுத்து முறித்துப் போடும் குழையைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்விலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. குதிரை, கழுதை, பன்றி ஆகியவை இதை மிகுதியாகத் தின்றால் மயிர் உதிரும். ஹவாய்த் தீவின் ஆடுகள் இதைத் தின்று கொழுப்பதைக் கண்டு வியந்த ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் அவுஸ்திரேலிய விஞ்ஞானி, அவற்றின் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரே அந்த நஞ்சை முறிக்கின்றது என்று கண்டறிந்தார். 1980களின் தொடக்கத்தில் அந்நுண்ணுயிர் அவுஸ்திரேலிய மாடுகளுக்கும் கொடுக்கப்பட்டது. ஆயினும் நம் வீட்டு ஆடுகளுக்கு மொத்தக் குழையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல், பூவரசு, முள்முருக்கு, பலா ஆகியவற்றின் இலைகளோடு கலந்து கொடுப்பதே உசிதம்.

இனி மறுபக்கம். கோடை வெயிலில் இப்பிலிப்பில் மரத்தின் கீழே சற்று நின்று பாருங்கள். தட்டையான, கபில நிறக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் காய்ந்து, ஓரம் வெடித்து, மினுங்கும் விதைகளை உதிர்த்துக்கொண்டிருக்கும். முளைத்து ஓராண்டு நிரம்புமுன்னரே பூக்கத் தொடங்கும் அதற்குத் துணைமரமும் வேண்டியதில்லை; தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும் ஆதலால், ஒற்றை மரமே ஒரு வளவை நிரப்பப் போதும். விதையின் தோல் கடினமானது; பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, காலம் வாய்த்தபோது முளைக்கும். மாரி பெய்து ஓய்ந்தபின் தாய்மரத்தின் அடியில் கன்றுகள் புற்றரையென நெருங்கி நிற்கும். முழ உயரம் வளரவிட்டுப் பிடுங்கினால், தண்டு கையோடு முறிந்துவர, ஆணிவேர் கல்லின் வெடிப்பைப் பற்றியபடி நின்றுவிடும். சில வாரங்களில் ஒன்றுக்கு நான்காகத் தளிர் வரும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் தொகுத்த, உலகின் மிகக் கொடிய 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இம்மரமும் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

1990இல் யுத்தத்தினால் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், பல்லாண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்ட தம் காணிகளுக்குத் திரும்பியபோது, பற்றைக்காட்டை வெட்டித் தள்ளியே தம் வீட்டு அத்திவாரத்தைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மனித நடமாட்டம் நின்ற நிலத்தை முந்திக்கொண்டு பிடிப்பதில் இப்பிலிப்பிலுக்கு நிகரான மரங்கள் சிலவே.

ஆகவே என் அபிப்பிராயம் இது: இம்மரத்தின் நன்மையும் தீமையும் மரத்தில் இல்லை, அதை வெட்டும் கையில் இருக்கின்றன. ஆடு கட்டி, விறகடுப்பு மூட்டி, காய் முற்றுவதற்குள் வருஷத்தில் பலமுறை கவ்வாத்துச் செய்யும் குடும்பம் இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று நமது ஊர்களின் நிலை வேறு. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, முதிய தாய் தந்தையர் மாத்திரம் காக்கும் வீடுகளும், அவர்களும் இன்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் எத்தனை! அடுப்பும் எரிவாயுவுக்கு மாறிவிட்டது. அத்தகைய வளவில் இப்பிலிப்பிலை நிற்கவிடுவது அயலாருக்குச் செய்யும் அநியாயம். அதன் விதை வேலியை மதியாது. வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரர், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கும் ஒதுக்கவேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அகற்றும் முறை கடினமானதல்ல. பொறுமை மாத்திரம் வேண்டும். காய் பிடிக்குமுன் மரத்தை வெட்டி, அடிக்கட்டையைச் சுற்றிக் கிண்டி, வேரின் கழுத்துக்குக் கீழே அறுத்தெடுக்க வேண்டும். கட்டையில் டீசலோ களைநாசினியோ பூசும்படி யோசனை கூறுவாருண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, குடிநீருக்கு மக்கள் பட்ட துன்பத்தைக் கண்ட நாம் அதைச் செய்யலாகாது. நமது சுண்ணாம்புக்கல்லில் மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக காலம் வேண்டியதில்லை. கிண்ட இயலாத கட்டையில் வரும் தளிரை ஆடு கடிக்க விட்டாலும், மாதந்தோறும் ஒடித்துவந்தாலும் நாளடைவில் அது சோர்ந்துபோகும்.

ஐப்பசி மழையில் மண் இளகியவுடன், விரலளவில் இருக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அந்த ஈரத்திலேயே கிளுவையிலும் பூவரசிலும் நல்ல கதியாலாக வெட்டி, வெறுமையான இடத்தில் நெருக்கமாக நட்டுவிடுங்கள். கிளுவை நட்ட இடத்தில் நிற்கும். பூவரசங்குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். பழைய விதைகள் மண்ணில் கிடப்பதனால், அடுத்து வரும் ஒவ்வொரு மாரியிலும் அந்த வேலியடியை ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.