தற்கொலைச் சாவுகளைத் தடுக்க முடியும்!

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றி இந்த மேடையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இன்று பேச வந்த விஷயத்தை நம் சங்கங்களில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நம்மில் ஒருவர் தற்கொலையால் மாண்டால் என்ன செய்கிறோம்? மாலை போடுகிறோம். குடும்பத்துக்கு வசூல் செய்கிறோம். "வீட்டுத் தகராறாம்", "தீராத வயிற்றுவலியாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு கலைந்துவிடுகிறோம்.

எங்கள் மீதும் குற்றம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு தோழர் இரண்டு நாள் மாலையில் சங்க ஆபீசுக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தோம். "என்ன தோழர்?" என்றோம், "சும்மாதான்" என்றார். மேலே கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் இல்லை.

2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். இது மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கு. அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அன்றாடக் கூலிகள். நம் ஆட்கள்! இத்தனை பேருக்கும் தலையெழுத்து ஒன்றுபோல அமைந்துவிட்டதா?

இல்லை என்பதற்கு அண்டை நாடே சாட்சி. 1995-ல் இலங்கையில் லட்சம் ஜனங்களுக்கு சுமார் 47 பேர் தற்கொலையால் மாண்டார்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தே கிராமத்தாருக்கு எமனாயிற்று. மிகக் கொடிய மருந்துகளை அந்த வருஷமே சர்க்கார் தடை செய்தது. 1998-ல் எண்டோசல்பானையும் தடுத்தது. 2005-க்குள் சாவு விகிதம் பாதியாகிவிட்டது. யுத்தம் முடிந்துவிடவில்லை, கடன் தீரவில்லை, வறுமை போகவில்லை. ஆயினும் சாவு குறைந்தது! மருந்தைத் தடுத்தால் விளைச்சல் படுத்துவிடும் என்பார்களே, அங்கே விளைச்சலும் படுக்கவில்லை.

ஏன் குறைந்தது? சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலோருக்கு நெடுநேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் மனிதன் மீண்டுவிடுகிறான். முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிறகு அவ்வழியில் சாவதில்லை என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். "சாக நினைப்பவனை யார் தடுக்க முடியும்?" என்ற பேச்சை இனி நம் வாயால் சொல்லக் கூடாது.

கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்னை ஸ்நேகா அமைப்பினர் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு வைத்து, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கச் செய்தார்கள். சிறிய முயற்சிதான், நல்ல பலன் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதுமா? இலங்கையில் 180 கிராமங்களில் அதையும் சோதித்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி பலன் இல்லை. சாவி அதே வீட்டில்தானே தொங்குகிறது! ஆகவே ஏழை வீட்டின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு சர்க்கார் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கொடிய சரக்கு கடைக்கே வரக்கூடாது என்று கேட்போம். அதுவரை ஊருக்கு ஒரு கிடங்கு.

ஆலைத் தோழர்களுக்கு வேறொரு நாட்டுக் கதை. பிரான்ஸ் டெலிகாம் என்ற பெரிய கம்பெனி 2006 முதல் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. ஊர் மாற்றியும் வேலை மாற்றியும் நச்சரித்து, தாமாகவே ஓடும்படி செய்தது. பலர் தற்கொலையால் மாண்டார்கள். சங்கத்தினர் அதை வீட்டு விஷயம் என்று விடவில்லை. 2009-ல் புகார் கொடுத்தார்கள். 19 சாவுகளை விசாரித்து, 2019 டிசம்பரில் பாரிஸ் கோர்ட் கம்பெனியையும் அதன் முன்னாள் தலைவரையும் குற்றவாளிகள் என்றது. பத்து வருஷம் விடாப்பிடியாக நின்றார்கள்! நம் ஆலைகளிலும் ஷிப்டு, அபராதம், விடுதிக் கட்டுப்பாடு, மேஸ்திரியின் வசவு எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதி வைக்க வேண்டும்.

இன்றே நாம் செய்யக்கூடியது என்ன? திடீரென்று பேச்சை நிறுத்தியவர், டீக்கு வராதவர், குடி கூடியவர், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்பவர் — இவர்களைத் தனியே அழைத்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, நெஞ்சுப் பாரம் இறங்கும். கோழை என்று சொல்லாதீர்கள். உபதேசமும் வேண்டாம். தனியே விடாமல் உடனிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். போலீஸ் கேஸ் என்று பயந்து மறைக்காதீர்கள். பழைய 309-வது பிரிவு 2024 ஜூலை 1-ல் போய்விட்டது. அதிகாரியைப் பணியவைக்க முயன்றதாகச் சொன்னால்தான் வழக்கு. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றால் நாலு பேர் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் சட்டம் இருக்கிறது.

ஷிப்டுக்கு இரண்டு பேர், தெருவுக்கு இரண்டு பேர் இந்த வேலைக்கு வேண்டும். பெண் தோழர்கள் கட்டாயம் வேண்டும். விடுதிப் பெண்கள் எங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாம் ஷிப்டுச் சங்கு ஊதுவதற்குள் மேடைக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.