பெண்ணா, பிள்ளையா?

(நமது சங்கத்தின் தில்லிக் கிளை அங்கத்தினர்களின் குடும்ப சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மாமா, அரை மணி நேரம் ஏதாவது பேசுங்கோ, ஆனால் பென்ஷன் மட்டும் வேண்டாம்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். போன தடவை பென்ஷன் நிலுவையைப் பற்றி நான் ஒன்றேகால் மணி பேசியதை அவர் இன்னும் மறக்கவில்லை. எனவே இன்று வேறு விஷயம்.

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஓர் அகத்தில் சீமந்தம். வைதிக காரியங்கள் முடிந்து, சாப்பாடும் ஆகி, பெண்டுகள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாமி தன் மோதிரத்தைக் கழற்றி நூலில் கட்டி, அந்தப் பெண்ணின் வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டார். மோதிரம் வட்டமாகச் சுற்றியது. "பொண்ணுதான், சந்தேகமே இல்லை" என்றார். இன்னொரு மாமி, "மூஞ்சி இப்படிப் பளபளன்னு இருக்கே, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த நாட்டுப்பெண் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து கவனித்தேன். அதனால்தான் இந்தப் பேச்சு.

எனக்கு வயது 75. 1970ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ரசாயனம் எடுத்து பி.எஸ்ஸி. தேறினேன். பிறகு 38 வருஷம் மத்திய சர்க்கார் கோப்புகள். டாக்டர் இல்லை, ஜோஸ்யனும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு பயிற்சி உண்டு.

எங்கள் கிராமத்தில் எனக்கு ஓர் அத்தைப் பாட்டி. பிள்ளைத்தாச்சிப் பெண் வாசற்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று பார்ப்பாள். வயிறு முன்னால் கூர்ந்திருந்தால் பிள்ளை, இடுப்போடு பரந்திருந்தால் பெண். மசக்கை அதிகமானால் பெண். மூத்த குழந்தையைக் கூப்பிட்டு, "உனக்குத் தம்பிப் பாப்பாவா, தங்கச்சிப் பாப்பாவா?" என்று கேட்பாள்; அது உளறுவதையும் கணக்கில் சேர்ப்பாள். அவள் சொன்னால் தப்பாது என்று அக்ரஹாரம் முழுவதும் பேச்சு. நான் கல்லூரியில் சேர்ந்ததும், அறிவியல் மாணவன் என்ற மிதப்பில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவள் சொல்வதையும் பிறப்பதையும் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் 26 பிரசவம். பாட்டி சொன்னது 14 பலித்தது. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 13 பலித்திருக்கும்.

நோட்டைக் காட்டினேன். பாட்டி அசரவில்லை. "மீதிப் பன்னண்டும் வயத்துக்குள்ளேயே மாறிடுத்துடா அம்பி" என்றாள்.

இப்படிச் சொல்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு யார் எதைச் சொன்னாலும் பாதி பலிக்கும். பலித்ததை நாம் வருஷக்கணக்காகப் பேசுவோம், பலிக்காததைப் புண்யாஹவாசனத்தன்றே மறந்துவிடுவோம். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாரிடமும் "பிள்ளைதான்" என்று சொல்கிறவருக்கு நூற்றுக்கு 51 நிச்சயம். ஜோஸ்யர் ஒருவர் ஓலையில் "ஆண் அல்ல பெண்" என்று எழுதிக் கொடுத்து, பிறந்த பிறகு காற்புள்ளியை வேண்டிய இடத்தில் போட்டுப் படித்துக் காட்டிய கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மோதிர விஷயத்துக்கு வருகிறேன். இது என் ரசாயன சாஸ்திரத்தோடு சம்பந்தப்பட்டது. பிரான்ஸ் தேசத்தில் ஷெவ்ரல் என்று ஒரு பெரிய ரசாயன நிபுணர். கொழுப்பு அமிலங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். நூலில் கட்டிய இரும்பு வளையம் பாதரசத்துக்கு மேல் தானே ஆடுகிறதே, ஏன் என்று பார்த்தார். கையைத் தாங்கி வைத்தால் ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டால் நின்றே போயிற்று. நாம் எதிர்பார்ப்பதை நம் கைத் தசைகள் நமக்கே தெரியாமல் செய்துவிடுகின்றன என்று 1833ல் எழுதி வைத்தார். அடுத்த சீமந்தத்தில் மாமியின் கண்ணைக் கட்டிவிட்டு மோதிரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் பெரியவர்களின் நூல்களிலும் இது இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஸுஸ்ருத ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில், வலது மார்பில் முதலில் பால் தென்படுவது, வலது கண் பெரிதாகத் தெரிவது, நடக்கும்போது வலது காலை முதலில் எடுப்பது எல்லாம் பிள்ளைக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. புல்லிங்கப் பெயருள்ள பண்டங்களின் மேல் கர்ப்பிணிக்கு ஆசை வந்தால் பிள்ளை என்றும் இருக்கிறது. ஸம்ஸ்கிருதத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் லிங்கம் உண்டல்லவா? எங்கள் பாட்டிக்கு இது தெரிந்திருந்தால் வடுமாங்காய்க்கு என்ன லிங்கம் என்று சாஸ்திரிகளிடம் ஓடியிருப்பாள்.

வலது பக்கம் ஆண், இடது பக்கம் பெண் என்பது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. கிரேக்கத்தில் ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் சூத்திரங்களிலும் உள்ளது. எகிப்தில், பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பாப்பிரஸ் சுவடி ஒன்றின்படி, பெண்ணின் சிறுநீரைத் தினமும் இரண்டு தானியங்களின் மேல் விட வேண்டும். பார்லி முளைத்தால் ஆண், கோதுமை முளைத்தால் பெண், இரண்டும் முளைக்காவிட்டால் கர்ப்பமே இல்லை. 1963ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் பத்துக்கு ஏழு தடவை விதை முளைத்தது. எது முளைத்தாலும் ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியவில்லை. ஆக அந்தச் சுவடிக்காரர் பாதி கெட்டிக்காரர்.

நம் பும்ஸவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலமொட்டை இடித்து வலது நாசியில் பிழிவது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் செய்ய வேண்டியது. இப்போது சௌகரியத்துக்காக ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ சீமந்தத்தோடு சேர்த்துச் செய்கிறோம். மந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லை. நானும் செய்தவன், செய்து வைத்தவன். ஆனால் அந்த மொட்டை இடிப்பது யார் என்று ஆபஸ்தம்பர் சொல்வதைக் கவனியுங்கள். பெரியவளாகாத ஒரு சிறுமி. பிள்ளை வரம் கேட்கும் சடங்குக்கும் வீட்டில் ஒரு பெண் குழந்தை தேவைப்படுகிறது.

விஞ்ஞானம் சொல்வது சுருக்கமானது. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். 1905ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாவுப் புழுக்களை ஆராய்ந்து இதற்கு வழி காட்டினார். அதாவது கரு உண்டாகும் க்ஷணத்திலேயே முடிவாகிவிடுகிறது, வித்தியாசம் வருவதும் ஆண் பக்கத்திலிருந்து. மூன்று பெண் பெற்றவள் என்று நாட்டுப்பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மாமியார், தன் பிள்ளையைப் பார்த்துத்தான் விட வேண்டும்.

பாட்டிமார்களின் அடையாளங்களையும் யாரும் சோதிக்காமல் விடவில்லை. 1999ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 104 கர்ப்பிணிகளிடம் கேட்டு எழுதிவைத்துப் பார்த்தார்கள். வயிற்றின் வடிவத்துக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இல்லை. வாட்ஸ்அப்பில் சீன அட்டவணை ஒன்று சுற்றி வருகிறதே, தாயின் வயதையும் கர்ப்பம் தரித்த மாதத்தையும் வைத்துச் சொல்வது? அதை ஸ்வீடனில் 28 லட்சம் பிரசவங்களோடு ஒப்பிட்டு 2010ல் வெளியிட்டார்கள். சரியாகப் பாதி. நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான மசக்கை வந்தவர்களில் சுமார் 56 சதவிகிதம் பேருக்குப் பெண் பிறந்தது என்று அதே ஸ்வீடனில் 1999ல் கண்டார்கள். மசக்கை விஷயத்தில் என் அத்தைப் பாட்டிக்கு அந்த அளவு மார்க்கு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நூற்றுக்கு 56ஐ வைத்துக்கொண்டு தொட்டில் புடவையின் நிறத்தைக்கூட முடிவு செய்ய முடியாது.

இனி, இதுவரை வெளியில் சொல்லாத ஒன்று.

1983. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். முதல் பெண்ணுக்கு நாலு வயது. என் மனைவி மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். வாந்தியைப் பார்த்து அம்மா சொன்னாள், பெண் என்று. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மோதிரத்தைத் தொங்கவிட்டு அதையே சொன்னாள். என் மூத்த பெண்ணும் "தங்கச்சிப் பாப்பா" என்றாள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க அப்பா வம்சம் உன்னோட நின்னுடுமாடா?" என்றாள்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் ஒரு கிளினிக்கின் சீட்டைக் கொடுத்தார். பனிக்குட நீரை எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள். 1978லேயே சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தடை வந்துவிட்டது, தனியாருக்கு இல்லை. இன்று ஐந்நூறு ரூபாய் செலவழித்தால் நாளைக்கு ஐந்து லட்சம் மிச்சம் என்ற ரீதியில் விளம்பரங்கள் வந்த காலம். நான் நாள் குறித்துவிட்டு வந்தேன். அம்மாவின் நம்பிக்கை மூடநம்பிக்கை, நான் செய்வது விஞ்ஞானம் என்பது என் எண்ணம். காசு சுண்டுவதற்கும் பரிசோதனைக்கும் வித்தியாசம் தெரிந்தவன் அல்லவா!

அன்றிரவு மனைவியிடம் சீட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "தெரிஞ்சுண்டு என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. சீட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள். குறித்த நாளன்று நான் வழக்கம்போல் அலுவலகம் போனேன்.

பெண்தான் பிறந்தாள். அம்மா, எதிர் வீட்டு அம்மாள், என் மூத்த பெண், எல்லாரும் சொன்னது பலித்தது.

வெறும் விளையாட்டுத்தானே, இதற்குப் போய் இத்தனை பேச்சா என்று அன்று சீமந்தத்தில் ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு வந்தது மோதிரத்துக்குப் பிறகுதான். 2020 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பதாயூனில் ஐந்து பெண்களின் தகப்பன் ஒருவன், எட்டு மாத கர்ப்பிணியான மனைவியின் வயிற்றை அரிவாளால் கிழித்தான். ஆறாவதும் பெண்ணே என்று ஒரு பூஜாரி சொல்லியிருந்ததாகச் செய்தி வந்தது. இறந்து பிறந்தது ஆண் சிசு. 2024ல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நம் வீடுகளில் அரிவாள் கிடையாது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 1981ல் 962 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001ல் 927. நாம் வாழும் தில்லியில் 2001ல் 868. இந்தக் குறைவு கிராமத்துப் பாமரர்களால் மட்டும் வந்ததல்ல. படித்த, சம்பளம் வாங்கிய, என்னைப் போன்றவர்கள் அதில் உண்டு.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் சர்க்கார் அதிகாரியாக இருந்ததற்கு அர்த்தமில்லை. 1994ல் இயற்றி 1996 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த சட்டம், கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடை செய்கிறது. 2003ல் அமலான திருத்தத்துக்குப் பின், இதைப் பற்றி விளம்பரம் செய்வது, விஞ்ஞான முறையானாலும் வேறு எந்த முறையானாலும், குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். "வேறு எந்த முறையானாலும்" என்பதில் ஜோஸ்யமும் மருந்தும் அடங்கும். இரட்டைப்படைத் தேதி, ஒற்றைப்படைத் தேதி என்று கதையில் சொன்னதற்காக மகாராஷ்டிரத்தில் ஒரு கீர்த்தனக்காரர் மேல் 2020ல் வழக்கே போட்டார்கள். மாமியின் மோதிரத்துக்குச் சட்டம் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் நம் குழுமத்தில் "பிள்ளை பிறக்க லேகியம்" என்று வந்ததை இரண்டு பேர் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. இனி அனுப்ப வேண்டாம்.

அயல்நாட்டில் இருக்கும் பிள்ளை, நாட்டுப்பெண்ணுக்கு அங்கே ஸ்கேன் எடுத்ததும் சொல்லிவிடுகிறார்களே, என்ன செய்வது என்று பேச்சுக்கு முன்னாலேயே ஒரு மாமி கேட்டார். அங்கே அது சட்டப்படி சரி. அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் கேட்கும்போது ஒரு க்ஷணம் மௌனமாகி விடாதீர்கள், அவ்வளவுதான். அந்த மௌனம் கடல் தாண்டியும் கேட்கும்.

இந்தப் பேச்சைத் தயார் செய்தபோது மனைவியிடம் படித்துக் காட்டினேன். நமது சஞ்சிகை புணேயிலிருக்கும் சின்னப் பெண்ணுக்கும் போகிறது. அச்சில் வந்தால் அவள் படிப்பாளே, அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அவளுக்கு அவ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி. இத்தனை வருஷமும் அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமைகூட வழக்கம்போல் போனில் என் சர்க்கரை அளவைத்தான் விசாரித்தாள்.

காபி ஆறுகிறது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.