வேலையில்லாமல் இருக்கவும் வசதி வேண்டும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கும் இடத்தில் வேலையின்மைப் புள்ளிவிவரம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். இலக்கிய மேடைக்கு இது ஒட்டுமா என்று கேட்டார்கள். ஒட்டும். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, நம் மக்கள் தங்களை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும் என்று 'தமிழன்' இதழில் வாதிட்டவர் பண்டிதர். சர்க்கார் குமாஸ்தா நம்மைப் பற்றி ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதுகிறார் என்பது நம் கஞ்சியையும் மானத்தையும் தொடும் விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் குமாஸ்தா வருகிறார். கையில் பேரேட்டுக்குப் பதில் டேப்லெட் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பொருளியல் படித்தவன் அல்ல, சமூகவியல்காரன். அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணுக்குள் யாரைப் போட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம்.

2020ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட 24 விழுக்காடு சரிந்தது. அடுத்த காலாண்டிலும் சரிவுதான். அடுத்தடுத்து இரண்டு காலாண்டு சரிந்தால் அதற்கு மந்தம் என்று பெயர். அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள், அந்த நேரத்தில் என்ன சொன்னது தெரியுமா? 2018-19இல் 5.8 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2019-20இல் 4.8ஆகக் குறைந்தது. 2020-21இல் 4.2 ஆனது. ஊரடங்கு, ஆலை மூடல், நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய கூட்டம், இவ்வளவுக்கும் நடுவில் வேலையின்மை இறங்கியிருக்கிறது!

இதைப் பொய்க்கணக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம் மேடைகளில் அப்படித்தான் சொல்கிறோம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இதில் யாரும் எண்ணைத் திருத்தி எழுதத் தேவையில்லை. விதிப்படி கணக்குப் போட்டாலே இந்த விடைதான் வரும்.

விதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பி.எல்.எஃப்.எஸ். இரண்டு விதமாக அளக்கிறது. ஒன்று 'வழக்கமான நிலை'. கடந்த 365 நாளில் பெரும்பகுதி நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும். பெரும்பகுதி வேலை இல்லாமல் இருந்திருந்தாலும், ஏதாவது ஒரு வேலையில் 30 நாள் இருந்திருந்தால் நீங்கள் வேலையில் இருப்பவர். மற்றொன்று 'நடப்பு வார நிலை'. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அந்த வாரம் முழுக்க நீங்கள் வேலையில் இருந்ததாகக் கணக்கு. ஒரு மணி நேரம் என்பது டெல்லிக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல, உலகம் முழுக்க உள்ள அளவுகோல்தான். ஆனால் மாதச் சம்பளமும் வேலையிழப்புக்கால உதவித்தொகையும் உள்ள நாட்டில் அது அளப்பது வேறு, இங்கே அளப்பது வேறு.

இந்த விதியை அவனியாபுரத்துக்குக் கொண்டுவருவோம். 2020 கடைசியில் இப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டட வேலைக்குக் கையாளாகப் போகிறவர். விடிகாலையில் தூக்குவாளியோடு முக்கில் போய் நிற்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மேஸ்திரி கூப்பிடுகிறார், நான்கு நாள் பத்து மணிவரை நின்றுவிட்டுத் திரும்புகிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். தொற்றுக்குப் பயந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வெள்ளைக்கல் குப்பைக்கிடங்கில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி எடைக்குப் போடுகிறார். மகன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பி வந்து, சித்தப்பாவின் இட்லிக் கடையில் கூலி இல்லாமல் மாவாட்டிக் கொடுக்கிறான். மகள் எம்.ஏ. முடித்தவள், தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

கணக்கெடுப்பாளர் வருகிறார். அப்பா தினக்கூலி, வேலையில் இருக்கிறார். அம்மா? 'சுயதொழில்' செய்பவர். சிரிக்காதீர்கள். மதுரை மாநகரத்தின் குப்பையை வெறுங்கையால் கிளறும் பெண்ணும் சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவரும் அந்த அட்டவணையில் சுயதொழில் என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் வருவார்கள். மகன், கூலி வாங்காத குடும்பத் தொழில் உதவியாளர். சித்தப்பாவின் கடை கூட்டுக் குடும்பத்தின் கடையாக இருந்தால் அவனும் வேலையில் இருப்பவன். மகள் என்ன செய்கிறாள் என்ற கேள்விக்கு அப்பா, 'சும்மாதான் இருக்கு சார், வீட்டு வேலை பார்க்குது' என்கிறார். அவள் தொழிலாளர் எண்ணிக்கைக்கே வெளியே போய்விட்டாள். வேலையில்லாதவர் என்றுகூட அவளை எண்ணமாட்டார்கள்.

இப்போது அந்த வீட்டின் வேலையின்மை வீதம் என்ன? பூஜ்யம்.

நான் சொல்லவந்ததே இதுதான். இங்கே வேலையில்லாதவர் என்று பெயர் வாங்கவும் வசதி வேண்டும். இரண்டு மாதம் உட்கார்ந்து சாப்பிட வீட்டில் நெல்லோ சேமிப்போ இருப்பவர்தான் தகுதிக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்க முடியும். இதைப் புதிதாகச் சொல்லவில்லை. 1968இல் குன்னர் மிர்டால் 'ஆசிய நாடகம்' நூலில், மேற்கின் வேலையின்மைக் கருத்து இந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்று வாதிட்டார். இந்திய அரசும் எம்.எல். தந்த்வாலா தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைத்தது. வேலையின்மையை ஒரே எண்ணில் அடைக்காதீர்கள், பல கோணத்தில் அளங்கள் என்று 1970இல் அந்தக் குழு சொன்னது. அதன் வழியில் வந்ததுதான் 'நடப்பு நாள் நிலை'. ஒவ்வொரு நாளையும் அரை நாளாகப் பிரித்து எண்ணும் முறை அது. நம் வீட்டு அப்பா நின்றுவிட்டுத் திரும்பிய நான்கு நாளும் வேலையற்ற நாளாகவே அதில் பதியும். நம் மக்களுக்குக் கொஞ்சமாவது ஒட்டிவரும் அளவுகோல் அதுதான். தலைப்புச் செய்தியில் ஒருநாளும் வராததும் அதுதான்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். தினக்கூலிக்குப் போகிறவர்களில் நம் பங்கு அதைவிடக் கூடுதல். ஆகவே எந்த அளவுகோல் தினக்கூலியின் பட்டினி நாளை மறைக்கிறதோ, அது சாதியையும் சேர்த்தே மறைக்கிறது. ஊரே கதவடைத்துக் கிடந்தபோது துப்புரவுப் பணியாளர்களுக்கு மட்டும் வேலை இருந்தது. அந்த ஒரு வேலையில் நமக்கு மந்தமே வந்ததில்லை!

அதே 2020க்கு வேறு எண்களும் உண்டு. தனியார் நிறுவனமான சி.எம்.ஐ.இ. அந்த ஏப்ரலில் நாட்டின் வேலையின்மை 23.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 49.8 விழுக்காடு என்றது. அவர்கள் கணக்கெடுக்கும் நாளையும் அதற்கு முந்தைய நாளையும் பார்ப்பார்கள். ஆனால் தீவிரமாக வேலை தேடினால்தான் வேலையில்லாதவர் என்று சேர்ப்பார்கள். தெருவில் இறங்கினால் லத்தியடி விழுந்த மாதத்தில் எங்கே போய்த் தேடுவது? தேடாதவர்கள் கணக்கிலிருந்தே உதிர்ந்தார்கள். உழைக்கும் வயதினரில் வேலையில் இருப்பவரும் தேடுபவரும் சேர்ந்து 36 விழுக்காடுகூட இல்லை என்று அதே நிறுவனம் சொன்னது. அப்படியென்றால் 49.8கூடக் குறைவான எண்தான்.

அரசின் நகர்ப்புறக் காலாண்டு அறிக்கையும் 2020 ஏப்ரல்-ஜூனுக்கு வார நிலையில் சுமார் 21 விழுக்காடு காட்டியது. வெளிவந்தது ஓராண்டு கழித்து, 2021இல். ஆண்டு அறிக்கையிலோ அப்போது ஜூலை தொடங்கி ஜூன்வரை ஓராண்டு. ஊரடங்கு அதன் கடைசி மூன்று மாதம்தான். முந்தைய ஒன்பது மாதத்தோடு கலந்தபோது அது கரைந்துபோனது. அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதே ஏப்ரலில் அவர்களின் அதிகாரப்பூர்வ வீதம் 14.7. மனம் வெறுத்துத் தேடுவதை விட்டவர்களையும், முழுநேரம் கிடைக்காமல் பகுதிநேரம் பார்ப்பவர்களையும் சேர்த்தால் 22.8. ஆனால் அங்கே இரண்டு எண்ணும் ஒரே நாளில், ஒரே அறிக்கையில் வந்தன. நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

வேலையின்மை குறைந்தது என்றால் அந்த மக்கள் எங்கே போனார்கள்? அதே அரசு அறிக்கையின் பின்பக்கங்களில் பதில் இருக்கிறது. 2018-19இல் உழைப்பவர்களில் 42.5 விழுக்காடு விவசாயத்தில் இருந்தார்கள். 2020-21இல் அது 46.5. நிலம் இல்லாதவன் விவசாயத்துக்குத் திரும்பினால் யாருடைய நிலத்துக்குத் திரும்பியிருப்பான் என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் போனவர்கள் சம்பளத்துக்காக மட்டுமா போனார்கள்? ஊர்த்தெருவின் அழைப்புக்கு ஓடாமல் இருக்கலாம் என்பதற்காகவும் போனார்கள். மந்தம் அவர்களை அதே வரப்புக்குத் திருப்பி அனுப்பியது. புள்ளிவிவரம் அதை 'வேலை கிடைத்தது' என்று பதிந்துகொண்டது.

நூறு நாள் வேலையில் 2020-21இல் நாடு முழுவதும் சுமார் 389 கோடி மனித நாள் வேலை நடந்தது. தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 256 ரூபாய். வேலைக்காக எத்தனை பேர் தவித்தார்கள் என்பதற்கு எந்த வீதத்தையும்விட நேர்மையான சாட்சி அதுதான் என்பேன். ஆனால் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட அவனியாபுரத்தில் அந்தத் திட்டம் கிடையாது. எல்லை தாண்டிய ஊராட்சியில் இருப்பவருக்கு அட்டை உண்டு, இங்கே இருப்பவருக்கு முக்கில் நிற்பதுதான்.

எண்ணை வெளியிடுவதிலும் அரசியல் உண்டு. 2017-18 கணக்கெடுப்பில் வேலையின்மை 6.1 விழுக்காடு, 2011-12இல் 2.2ஆக இருந்தது. தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்தும் அறிக்கை வரவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து, மே 31 அன்றுதான் அறிக்கை வந்தது. பழைய எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்று அப்போது சொன்னார்கள். ஆனால் அதே 6.1 பின்னாளில் 3.2க்கு இறங்கியபோது ஒப்பீட்டுக்கு யாரும் தடை போடவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.எல்.எஃப்.எஸ்.ஸின் மூலத் தரவை அமைச்சகம் இலவசமாகவே தருகிறது. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் சமூகப் பிரிவு எண் உண்டு. பட்டியல் சாதிக்கு 2. ஏழு நாளின் வேலை மணியும் உண்டு. தமிழ்நாட்டுத் தலித் தொழிலாளியின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் விரித்துப் பார்க்க அது போதும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் அதை எடுங்கள். கணினி வராதவர்கள் ஒரு நோட்டோடு ஆறு மாதம் முக்குக்குப் போங்கள். எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேரைக் கூட்டிப்போனார்கள், கூலி என்ன பேசினார்கள், சித்தாளுக்கு எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு என்று தேதி போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. 2025 முதல் இந்தக் கணக்கெடுப்பின் முடிவு மாதாமாதம் வருகிறது; முதல் அறிக்கை ஏப்ரலுக்கு 5.1 விழுக்காடு என்றது. வார நிலைக் கணக்குதான். அந்தக் கணக்கில் நீங்கள் வேலை தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை, கிடைத்தால் போகத் தயார் என்றாலே வேலையில்லாதவராகப் பதிவார்கள். கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரிடம்தான் கேட்பார். தங்கைகளே, உங்கள் தெருவுக்கு அவர் வந்தால் நீங்களும் திண்ணைக்கு வந்து உட்காருங்கள். 'சும்மாதான் இருக்கு' என்று அப்பா ஆரம்பிக்கும்போதே குறுக்கிட்டு, 'வேலை கிடைத்தால் நாளைக்கே போவேன், அப்படியே எழுதுங்கள்' என்று சொல்லுங்கள்.