நரியும் சிங்கமும் போதுமா?

(இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)

   

காலை அமர்வு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், நல்லவனா இருந்துக்கிட்டு அரசியல் பண்ண முடியாது. இதை மாக்கியவெல்லி ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டார்” என்றார். “அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான், தயாரித்து வந்த தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பேசுகிறேன்.

யார் இந்த மாக்கியவெல்லி? இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1469-ல் பிறந்தவர். அன்று இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. வெனிஸ், மிலான், புளோரன்ஸ், நேப்பிள்ஸ், போப்பின் ஆட்சிப் பகுதி என்று துண்டு துண்டாகக் கிடந்தது. 1494-ல் பிரான்ஸ் மன்னன் எட்டாம் சார்லஸ் படையோடு உள்ளே வந்தான். புளோரன்ஸை 60 ஆண்டுகள் பிடியில் வைத்திருந்த மெடிச்சி என்ற வங்கிக் குடும்பம் அந்த ஆண்டே விரட்டப்பட்டது.

அந்த வெற்றிடத்தில் எழுந்தவர் சவனரோலா என்ற துறவி. மேடை ஏறினால் ஊரே அழும். அவருடைய ஆட்களுக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயரே ‘அழுமூஞ்சிகள்’ என்பதுதான். 1497-ல் ஆடம்பரப் பொருள்களையெல்லாம் நகரின் பெரிய சதுக்கத்தில் குவித்துத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே 23-ல், அதே சதுக்கத்தில், அதே ஊரார் பார்த்திருக்க, சவனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். சில வாரங்களில் 29 வயது மாக்கியவெல்லிக்கு அரசுச் செயலாளர் வேலை கிடைத்தது. அவர் பிற்காலத்தில் எழுதியது என்ன? ஆயுதம் வைத்திருந்த சீர்திருத்தவாதிகள் வென்றார்கள், வெறுங்கையோடு நின்றவர்கள் அழிந்தார்கள் என்று. மேடையில் பேசியே காலத்தை ஓட்டும் என்னைப் போன்றவனுக்கு இந்த இடம் சுருக்கென்றுதான் தைக்கும்.

இனி முக்கியமான ஆளுக்கு வருவோம். செசாரே போர்ஜியா. போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகன். ஆம், போப்பின் மகன்தான். அந்தக் காலம் அப்படி. துருக்கி சுல்தான் இரண்டாம் பாயஸீதின் தம்பி ஜெம், அரியணைப் போட்டியில் தோற்று ஓடி, ரோமில் போப்பின் காவலில் இருந்தார். தம்பி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதற்காக அண்ணன் போப்புக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அரசியல் இப்படித்தான் நடந்தது. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது.

செசாரே ரொமான்யா என்ற பகுதியைப் பிடித்தான். குறுநிலத் தலைவர்களின் கொள்ளையால் சீரழிந்த பூமி. அங்கே ஒழுங்கை நிலைநாட்ட ரமிரோ என்ற கொடூரமான ஒருவனை முழு அதிகாரத்தோடு அமர்த்தினான். ஒழுங்கு வந்தது. கூடவே மக்களின் வெறுப்பும் வந்தது. செசாரே என்ன செய்தான் தெரியுமா? 1502 டிசம்பர் 26 காலையில் செசேனா நகரச் சதுக்கத்தில் ரமிரோவின் உடல் இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த ஒரு கத்தி. வேலை வாங்கியவனே வேலைக்காரனை வெட்டிப் போட்டு, பழியை அவனோடு புதைத்தான். ஐந்தாம் நாள், தனக்கு எதிராகச் சதி செய்து பிறகு சமாதானமாகிவிட்ட தளபதிகளைச் செனிகால்யா நகருக்கு வரவழைத்துக் கைது செய்தான். இருவரை அன்றிரவே கழுத்தை நெரித்துக் கொன்றான்.

அப்போது புளோரன்ஸின் தூதராக அங்கே இருந்தவர் நம் மாக்கியவெல்லி. பின்னால் எழுதிய ‘இளவரசன்’ நூலில், புதிதாக ஆட்சிக்கு வருபவனுக்குச் செசாரேயைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார். தலைவன் நரியாகவும் இருக்க வேண்டும், சிங்கமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். இந்த உவமை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ரோமானிய அறிஞர் சிசரோ சொன்னதுதான். ஆனால் சிசரோ, பலாத்காரம் சிங்கத்தின் குணம், வஞ்சகம் நரியின் குணம், இரண்டும் மனிதனுக்குத் தகாது, வஞ்சகமோ இன்னும் கேவலம் என்றார். அதையே மாக்கியவெல்லி தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

செசாரேயின் கதை எப்படி முடிந்தது? 1503 ஆகஸ்டில் தகப்பன் இறந்தான். அதே நேரத்தில் இவனும் காய்ச்சலில் படுத்துவிட்டான். தன் குடும்பத்தால் ஆண்டுக்கணக்கில் ஊரைவிட்டு ஒதுங்கியிருந்த ஒருவர், ‘என்னைப் போப்பாக்க உதவினால் உன் தளபதிப் பதவியைக் காப்பாற்றித் தருகிறேன்’ என்று வாக்களித்தார். செசாரே அந்த வாக்கை நம்பினான். அவர் இரண்டாம் ஜூலியஸ் என்ற பெயரில் போப்பானார். செசாரே கைதியானான். 1507-ல் ஸ்பெயின் பக்கம் நவார் நாட்டில் ஒரு சிறு மோதலில் செத்தான். வயது 31. போப் தேர்தலில் மட்டும் தவறாக முடிவெடுத்துவிட்டான் என்கிறார் மாக்கியவெல்லி. எத்தனையோ பேரை ஏமாற்றியவன், கடைசியில் பிறர் வாக்கை நம்பி நின்றான். அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது எது என்பதை அவர் கேட்கவே இல்லை.

ஆனால் தம்பிமார்களே, இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. அவன் விழுந்த பிறகும் ரொமான்யா மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் அவனுக்காகக் காத்திருந்தார்கள். கொடுமைக்காரனுக்காக ஏன் காத்திருந்தார்கள்? அதே அத்தியாயத்தில் விடை இருக்கிறது. அவன் அங்கே ஒரு நீதிமன்றம் அமைத்தான். மதிப்புள்ள ஒருவரைத் தலைமை நீதிபதியாக்கினான். ஒவ்வொரு நகரத்துக்கும் அங்கே தனி வழக்கறிஞர் உண்டு. சதுக்கத்தில் கிடந்த பிணத்தைப் பார்த்தா மக்கள் காத்திருந்தார்கள்? நியாயம் கிடைத்த ருசியை மறக்க முடியாமல் காத்திருந்தார்கள் என்பதே என் கருத்து. மாக்கியவெல்லியின் சாட்சியமே அவருக்கு எதிராகப் பேசுகிறது.

‘நோக்கம் சரியானால் வழி எதுவும் சரி’ என்ற வாசகம் அந்தப் புத்தகத்தில் அப்படியே இல்லை. ஆட்சியாளன் விஷயத்தில் ஜனங்கள் முடிவைத்தான் பார்க்கிறார்கள் என்கிறார். நேசிக்கப்படுவதைவிட அஞ்சப்படுவது பாதுகாப்பு என்று சொன்னவர், அதோடு நிறுத்தவில்லை; வெறுப்பை மட்டும் சம்பாதிக்காதே, குடிமக்களின் சொத்திலும் பெண்களிடத்திலும் கை வைக்காதே என்கிறார். தகப்பனைப் பறிகொடுத்ததையாவது மனிதன் மறப்பான், தகப்பன் சொத்தைப் பறிகொடுத்ததை மறக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. கசப்பான கணக்குதான். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு இதை மறுக்க வாய் வரவில்லை.

வியாபாரிகளே, உங்களுக்கும் அதில் இடமுண்டு. 21-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். பறித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் ஒருவன் தன் சொத்தைப் பெருக்காமலும், வரிக்குப் பயந்து இன்னொருவன் தொழில் தொடங்காமலும் இருந்துவிடக் கூடாது. ஆட்சியாளன் அவர்களுக்குத் தைரியம் கொடுக்க வேண்டும் என்கிறார்.

அவர் சொந்த வாழ்க்கை என்ன ஆனது? கூலிப்படையை நம்பாதே என்று வாதாடி நாட்டுப்புற விவசாயிகளைக் கொண்டு படை திரட்டினார். 1509-ல் பைசா நகரை மீட்டார்கள், பெயர் கிடைத்தது. 1512-ல் பிராத்தோ நகரில் ஸ்பானியப் படையைக் கண்டதும் அதே படை சிதறி ஓடியது. மெடிச்சிகள் திரும்பி வந்தார்கள். இவர் வேலை போனது. அடுத்த பிப்ரவரியில் சதி வழக்கில் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கித் தூக்கிக் கீழே விட்டார்கள். ஆறு முறை. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

விடுதலையான பிறகு கிராமத்துத் தோட்டத்தில் விறகு விற்றார். 1513 டிசம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பற்றுவரவுத் தகராறு வருகிறது. விறகு வாங்கிய ஒருவர் பணம் தரும்போது பத்து லிராவைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். ஏன்? நாலு வருஷத்துக்கு முன் சீட்டாட்டத்தில் தோற்ற பாக்கியாம்! மன்னர்களுக்குத் தந்திரம் சொல்லிக் கொடுத்தவருக்கு விறகு பாக்கி வசூலாகவில்லை. பகலில் சத்திரத்தில் கசாப்புக்காரரோடும் மாவு ஆலைக்காரரோடும் சீட்டாட்டம். இரவில் நல்ல உடை உடுத்திக்கொண்டு பழைய நூல்களுக்குமுன் உட்காருவார். ‘இளவரசன்’ அப்படித்தான் எழுதப்பட்டது. வேலை கேட்டு மெடிச்சிகளுக்கே அதைக் காணிக்கையாக்கினார். எதிர்பார்த்த பதவி வரவில்லை.

தம்பிமார்கள் கவனிக்காத விஷயம், இதே மனிதர் லிவியின் ரோம வரலாற்றுக்கு எழுதிய விரிவுரை. மன்னனைவிட மக்கள்தாம் நிதானமானவர்கள், வாக்குத் தவறாதவர்கள் என்று அதில் வாதிடுகிறார். 1527-ல் மெடிச்சிகள் மறுபடியும் விரட்டப்பட்டார்கள், குடியரசு திரும்பியது. பழைய வேலை கிடைக்குமென்று ஓடி வந்தார். மெடிச்சிகளிடம் ஊழியம் பார்த்தவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஜூன் 21-ல் இறந்தார். ‘இளவரசன்’ அச்சானது 1532-ல்தான், அதுவும் ரோமில், போப்பின் அனுமதியோடு. 1559-ல் அதே திருச்சபை அவர் நூல்கள் அனைத்தையும் தடைப் பட்டியலில் சேர்த்தது.

காலையில் என்னோடு தேநீர் குடித்த தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, அந்தப் புத்தகம் 26 சின்ன அத்தியாயங்கள்தாம். ஏழாவதை இரண்டு தடவை படியுங்கள். அந்த ரொமான்யாக்காரர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதை அடுத்த முகாமில் இதே மேடையில் நீங்கள்தான் பேச வேண்டும்.