நடுக்கம் கண்டதும் மருந்தை நிறுத்தலாமா?



மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவருக்குச் சில வாரங்களில் கை நடுங்கத் தொடங்குகிறது. முகம் இறுகிப் போகிறது. நடை தளர்கிறது. “மருந்துதான் இப்படி ஆக்கிவிட்டது, நிறுத்திவிடு” என்கிறார்கள் உறவினர்கள். அவரும் நிறுத்திவிடுகிறார். சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது. பல குடும்பங்களில் நடப்பது இதுதான். அந்த நடுக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த விபரீதத்தைத் தவிர்க்கலாம்.

மூளையின் நரம்பணுக்கள் இரசாயனப் பொருள்கள் மூலமாகவே செய்தி பரிமாறிக் கொள்கின்றன. அவற்றில் ஒன்று டோபமின். அதன் பணியை 1957இல் எடுத்துக்காட்டிய சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஆர்விட் கார்ல்சன், 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மூளையின் ஒரு பகுதியில் டோபமின் மிகுந்தால், இல்லாத குரல் காதில் கேட்கும். வீண் சந்தேகம் எழும். உடல் அசைவைக் கவனிக்கும் பாதையில் அது குறைந்தாலோ, பார்க்கின்சன் நோயைப் போல நடுக்கமும் விறைப்பும் உண்டாகும்.

1952இல் பாரிஸ் நகரில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட குளோர்புரோமசின், 1958இல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடோல் ஆகிய மருந்துகள் டோபமினைத் தடுத்தன. பலருக்குக் குரல்கள் அடங்கின. ஆனால், அசைவுக்குரிய பாதையிலும் டோபமின் தடைபட்டது. நடுக்கத்திற்கு அதுவே காரணம்.

இங்கேதான் செரோட்டோனின் வருகிறது. மகிழ்ச்சி தரும் பொருள் என்றே இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். டோபமினைக் கட்டுப்படுத்துவதிலும் இதற்குப் பங்குண்டு. மூளைத் தண்டிலிருந்து புறப்படும் செரோட்டோனின் நரம்புகள், டோபமின் நரம்புகள் இருக்கும் இடங்களுக்கும் செல்கின்றன. செரோட்டோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் 14 வகைப்படும். சில ஏற்பிகள் வழியாக அது டோபமினைக் குறைக்கும்; வேறு சில வழியாகக் கூட்டும்.

அசைவுப் பாதையில் ‘2ஏ’ எனப்படும் ஏற்பியின் வழியாகச் செரோட்டோனின், டோபமினுக்குப் பிரேக் போடுகிறது. குளோசபின், 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் டோபமினைத் தடுப்பதோடு, இந்த 2ஏ ஏற்பியையும் அடைக்கின்றன. பிரேக் தளர்கிறது. அசைவுக்கு வேண்டிய டோபமின் ஓரளவு மீள்கிறது. நடுக்கம் குறைவதற்கு ஆய்வாளர்கள் கூறும் முக்கிய விளக்கம் இது. குளோசபின், டோபமின் ஏற்பியை விட்டு விரைவில் விலகிவிடுவதும் ஒரு காரணம் என்பாரும் உண்டு.

இந்த மருந்துகளிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ரிஸ்பெரிடோன் அளவு கூடினால் நடுக்கம் வரலாம். உடல் எடை ஏறலாம், இனிப்புநீர் வரலாம. குளோசபின் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஆகவே நேயர்களே, நடுக்கத்தைக் கண்டதும் மருந்தைத் தூக்கி எறிய வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வழியுண்டு; மருந்தை மாற்றவும் வழியுண்டு. நோயாளியால் சொல்ல முடியாவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் உடன் சென்று எடுத்துச் சொல்வது அவர்களின் கடமை.